எஞ்சின் மாற்றிய பழைய பி.எம்.டபிள்யூ இ30: சத்தத்தை அடக்குவது எப்படி?

புது எஞ்சின் முதன்முதலாக ஸ்டார்ட் ஆகும் நாளில் அந்தச் சத்தம் யாருக்கும் இனிமையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. மூன்றாவது வாரம் லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை ஓட்டிப் போனேன். இறங்கியபோது காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். மனைவி வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்தேன். பேசினாலும் கேட்காது என்று விட்டுவிட்டாராம்.

வண்டி 1989ஆம் வருடத்து இ30 325ஐ, அதாவது பி.எம்.டபிள்யூவின் பழைய 3 சீரிஸ். அதிலிருந்த 2.5 லிட்டர் எம்20 எஞ்சினை இறக்கிவிட்டு, அடுத்த தலைமுறை 3 சீரிஸான இ36 328ஐ காரில் வந்த 2.8 லிட்டர் எம்52ஐ ஏற்றியிருந்தேன். சுமார் 170 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 193. இ30 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேலை. எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். பொருத்திய பிறகு அதை வீட்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகிற காராக்குவது எப்படி என்று கேட்டால்தான் பதில் வராது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்கிற அதே தப்பு. சீட், கார்பெட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, தரை முழுக்க அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை இண்டு இடுக்கு விடாமல் ஒட்டினேன். இரண்டு வார இறுதிகள் போயின. இருபது கிலோ எடை ஏறியது. சத்தம் ஒரு டெசிபல் இறங்கியிருந்தால் அதிகம். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, எஞ்சின் சத்தம் போடேல்லை. நீங்கள் கழட்டி எறிஞ்ச சாமான்தான் சத்தம் போடுது."

யோசித்துப் பார்த்தால் உண்மை. இதே எஞ்சின் 328ஐயில் இருந்தபோது பக்கத்து சீட்டில் குழந்தை தூங்கும். அங்கே அதைச் சுற்றி இருந்த மென்மையான மவுன்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), ஏர் ஃபில்டர் இருக்கும் மூடிய ஏர்பாக்ஸ், இரட்டை ஃப்ளைவீல், பெரிய சைலன்சர், அடிமூடி எல்லாம் நம் காருக்கு வரவில்லை; எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும்தான் வந்தன. இந்த வழிகாட்டி முழுவதும் விட்டுவந்த அந்தச் சாமான்களைத் திரும்பக் கொண்டுவருகிற வேலைதான். ஷீட் ஒட்டுவது கிட்டத்தட்டக் கடைசியில் வரும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

கையில் இருக்கும் போனே போதும். ஒலி அளக்கும் ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட அந்தத் துல்லியம் தேவையில்லை. அதே சாலை, அதே வேகம், டயரில் அதே காற்று, போன் அதே இடத்தில்: இந்த நான்கும் மாறாமல் பார்த்துக்கொண்டால் சரி. அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் ஆப்பாக எடுங்கள். மொத்த டெசிபலைவிட எந்த ஹெர்ட்ஸில் மேடு நிற்கிறது என்பதுதான் துப்பு.

கணக்கு சுலபம். வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். அதனால் ஆர்.பி.எம்மை 20ஆல் வகுத்தால் எஞ்சினின் ஹெர்ட்ஸ் வரும். 2,700 என்றால் 135. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை 60ஆல் வகுத்தால் அதன் ஹெர்ட்ஸ். 195/65 ஆர்14 டயர் 60 மைல் வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 முறை சுழலும். 14ஐ ஒட்டி மேடு நின்றால் சக்கர பேலன்ஸ், 50ஐ ஒட்டி நின்றால் ஷாஃப்ட், 130க்கும் 190க்கும் நடுவில் நின்றால் எஞ்சின் அல்லது சைலன்சர்.

பிறகு இரண்டு சோதனைகள். ஆளில்லாத நேரான சாலையில் 60 மைலில் போகும்போது நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள்; பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். நியூட்ரலில் போட்டதும் மறைகிற சத்தம் எஞ்சினுடையது. மறையாதது டயர், காற்று, பின் அச்சு. அடுத்தது, நின்றபடியே அதே ஆர்.பி.எம்முக்கு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். ஓடும்போது கேட்ட ரீங்காரம் அப்போதும் கேட்டால் சைலன்சர் பக்கம் போங்கள். கேட்கவில்லை என்றால் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டி) பக்கம்.

இன்னொரு விஷயம் மனதில் இருக்கட்டும். சம அளவு சத்தம் போடும் இரண்டில் ஒன்றை முழுதாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்குப் பாதியானது போலத் தோன்ற 10 டெசிபல் இறங்க வேண்டும். ஆகவே எது பெரியதோ அதை முதலில் பிடியுங்கள். சின்னதைப் பிடித்தால், வேலை நடந்தது தெரியாமலேயே மனம் விட்டுப்போகும்.

படி 2: மவுன்ட், அப்புறம் எங்கே உரசுகிறது என்று பாருங்கள்

வரிசை ஆறு சிலிண்டருக்கு ஒரு பெருமை உண்டு. பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் தாமாகவே ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது உங்கள் ஸ்டியரிங் நடுங்கினால் அது எஞ்சினின் குணம் இல்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, வேக்வம் குழாய் கசிகிறது, அல்லது மவுன்ட் சரியில்லை. முதல் இரண்டையும் முடித்துவிட்டு மவுன்ட்டுக்கு வாருங்கள். கிராங்க் புல்லியில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். இந்த வயது எஞ்சினில் அது நல்ல நிலையில் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

எஞ்சின் மாற்றும் கிட்களில் பெரும்பாலும் கெட்டியான பாலியூரித்தேன் மவுன்ட் வரும். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது சரி. ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 80, 95 என்று போட்டிருக்கும் பாலியூரித்தேன், எஞ்சினின் ஒவ்வொரு சிணுங்கலையும் சேசிஸுக்கு அப்படியே கொடுத்துவிடும். கழற்றிவிட்டுக் கம்பெனி ரப்பர் மவுன்ட் போடுங்கள். கியர்பாக்ஸ் மவுன்ட்டும் சேர்த்து. நான் செய்த வேலைகளில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான்.

மவுன்ட்டைக் கண்ட நிலையில் முறுக்கி இறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே இழுபட்டு நிற்கும். எல்லா நட்டையும் கையளவுக்கு மட்டும் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். நிறுத்தி, கையால் இப்படியும் அப்படியும் ஆட்டி, அது தானாக உட்கார்ந்த இடத்தில் இறுக்குங்கள். சைலன்சர் தொங்கும் ரப்பருக்கும் இதே முறை.

மென்மையான மவுன்ட் போட்டால் எஞ்சின் அதிகம் அசையும். அசைந்தால் எங்கேயாவது முட்டும். இரும்பும் இரும்பும் ஓர் இடத்தில் தொட்டாலும் போதும், நல்ல மவுன்ட் போட்ட பலன் அத்தனையும் அந்த இடத்தின் வழியே போய்விடும். இங்கிலாந்து, இந்தியா, இலங்கை போல ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள இ30இல் கவனிக்க வேண்டிய இடம் ஸ்டியரிங் ஷாஃப்ட். இந்த எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் வலப்பக்கம்தான். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. நின்றபோது தொடாது. மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் முறுக்கிக்கொண்டு போய்த் தொடும்.

கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி: குளிர்ந்த எஞ்சினில், சந்தேகப்படும் இடுக்குகளில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக வையுங்கள். சூடேறும் மேனிஃபோல்ட் பக்கம் களிமண்ணுக்குப் பதில், அலுமினியத் தாளை நாலாக மடித்துச் சொருகுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். நசுங்கியிருந்தால் அங்கே முட்டுகிறது. எனக்கு மூன்று இடங்களில் நசுங்கியிருந்தது: மேனிஃபோல்ட், கியர் லீவரின் கீழ்ப்பகுதி, பவர் ஸ்டியரிங் ஹோஸ் ஃபிரேமில் சாய்ந்திருந்த இடம். ஹோஸ்தானே என்று விட்டுவிடக் கூடாது. பம்பின் முனகலைக் காருக்குள் கொண்டுவந்தது அதுதான்.

ஸ்டியரிங் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்ன ரப்பர் இணைப்பை எடுத்துவிட்டு அலுமினிய இணைப்பு போட்டிருந்தால் அதையும் பழையபடி ரப்பராக்குங்கள். கைக்கு வரும் நடுக்கத்தில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான்.

படி 3: ஃப்ளைவீல், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல்

எம்52 கம்பெனியிலிருந்து வரும்போது இரட்டை ஃப்ளைவீலோடு வரும். இரண்டு தட்டுகள், நடுவே ஸ்பிரிங். வெடிப்புகளின் உதைப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் மாற்றும்போது பலர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றைத் தட்டு ஃப்ளைவீல் போடுவார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. பிறகு சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கடகடப்பு. கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். விட்டால் திரும்ப வரும். இதைக் கேட்டு கியர்பாக்ஸே போச்சு என்று பயந்து மாற்றியவரை எனக்குத் தெரியும். மாற்றிய பிறகும் அதே கடகடப்பு.

கியர்பாக்ஸை இன்னும் ஏற்றவில்லை என்றால் இரட்டை ஃப்ளைவீலையே போடுங்கள். ஏற்கெனவே ஒற்றைத் தட்டு போட்டாயிற்று என்றால், நடுவில் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் தட்டு இருப்பதை உறுதி செய்யுங்கள். ஓரளவு அடங்கும். முழுதாக அடங்காது. அடுத்த தடவை கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீலையும் மாற்றலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் தேற்றிக்கொள்ளவில்லை, ஒரு மாதத்தில் இறக்கிவிட்டேன்.

கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் வட்டமான தடித்த ரப்பர் இணைப்பு ஒன்று இருக்கும். அதில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் புதிது. அதன் விளிம்பில் அம்புக்குறிகள் அச்சாகியிருக்கும். ஒவ்வோர் அம்பும் ஃபிளாஞ்சின், அதாவது ரப்பர் பூட்டப்படும் இரும்பு விளிம்பின், கையை நோக்கி இருக்க வேண்டும். இறுக்கும்போது ரப்பர் பக்கம் இருக்கும் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஃபிளாஞ்ச் பக்கத்து நட்டைத் திருகுங்கள். மாற்றிச் செய்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைச் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சில மி.மீ. முன்னோக்கித் தள்ளித்தான் இறுக்க வேண்டும். இந்த மாற்றத்துக்காக ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியிருந்தாலோ, இரண்டு கார்களின் பாதிகளைச் சேர்த்திருந்தாலோ, பேலன்ஸ் செய்யும் கடைக்கு ஒருமுறை கொண்டுபோங்கள். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

இப்போது கியர் விகிதம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. என் 325ஐயின் பழைய கெட்ராக் கியர்பாக்ஸில் ஐந்தாவது கியர் 0.81, டிஃபரன்ஷியல் 3.73. இரண்டையும் பெருக்கினால் 3.02; சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். எம்52ஓடு வந்த இசட்.எஃப் கியர்பாக்ஸில் ஐந்தாவது கியர் நேரடி, அதாவது 1.00. 328ஐயில் அதற்கு ஜோடியாக 2.93 டிஃபரன்ஷியல் இருந்தது. நான் கியர்பாக்ஸை மட்டும் கொண்டுவந்து, பழைய 3.73ஐ அப்படியே விட்டுவிட்டேன். விளைவு: 70 மைல் வேகத்தில் முன்பு சுமார் 3,100 ஆர்.பி.எம்மில் ஓடிய கார், இப்போது 3,800இல் ஓடுகிறது. முதல் கியரும் 3.83இலிருந்து 4.20 ஆகிவிட்டதால், சிக்னலில் கிளம்பும்போது டிராக்டர் மாதிரி ஒரு துள்ளல், உடனே இரண்டாவது கியர்.

டிஃபரன்ஷியலை 2.93க்கு மாற்றியதும் 70 மைலில் 3,000. எதையும் ஒட்டாமல், எதையும் அடைக்காமல், நெடுஞ்சாலைச் சத்தம் பாதி குறைந்த மாதிரி இருந்தது. 2.93 கிடைக்காவிட்டால் 3.25 வரை பரவாயில்லை. உங்கள் காரின் டிஃபரன்ஷியல் உறை சின்னதா நடுத்தரமா என்று பார்த்துத் தேடுங்கள். பற்கள் இழைந்த பழைய யூனிட்டைப் பெட்டியைத் திறந்து தோண்டி அமைப்பதைவிட, ஒழுங்காக ஓடிய முழு யூனிட்டாக வாங்குவது மேல். பற்களின் இடைவெளி கொஞ்சம் தப்பினாலும் அது ஊளையிடும். அந்த ஊளையை எந்த ஷீட்டும் மறைக்காது.

பின் அச்சைத் தாங்கும் சப்ஃபிரேமுக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் அந்த ஊளை இன்னும் தெளிவாகக் கேட்கும். ரப்பருக்கு மாறுங்கள். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம்.

படி 4: சைலன்சர்

முதலில் கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வேக்வம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்துக் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஓட விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலக்கி எல்லா இணைப்பிலும் தெளியுங்கள். குமிழி வருகிற இடமெல்லாம் கசிவு. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் மயிரிழை கசிந்தாலும் 'டிக்டிக்' என்று கேட்கும். வால்வ் சத்தம் என்று நினைத்து எண்ணெய் மாற்றிக்கொண்டே இருப்போம்.

கசிவை அடைப்பது காதுக்காக மட்டுமில்லை. சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. பழைய இ30இல் டிக்கியின் ரப்பர் பீடிங், பின்விளக்குகளின் கேஸ்கெட் இரண்டும் காய்ந்து போயிருக்கும். பின்னால் சுழலும் காற்று அந்த இடுக்குகளில் புகையை உள்ளே இழுக்கும். காருக்குள் புகை வாடை வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

அடுத்தது குழாயும் பெட்டியும். 200 குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினுக்கு மூன்று அங்குலக் குழாய் வீண் ஆடம்பரம். இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பின் சைலன்சரில் பார்க்க வேண்டியது அதன் கொள்ளளவு. இடம் கொடுக்கிற அளவுக்குப் பெரிய பெட்டி போடுங்கள். நடுவில் இன்னொரு பெட்டி கட்டாயம். 'நடுப்பெட்டியை எடுத்துவிட்டால் சத்தம் நல்லா இருக்கும்' என்று யாரோ சொல்லி எடுத்திருப்பீர்கள். நானும்தான். பஞ்சு அடைத்த நேர்க்குழாய் சைலன்சர் உச்சத்தில் வரும் சீறலை விழுங்கும். தாழ்ந்த உறுமலை விழுங்குவது தடுப்பறைகள் வைத்த பெட்டி. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. நடுவில் பஞ்சுப் பெட்டி, பின்னால் அறைப்பெட்டி என்ற ஜோடி எனக்கு ஒத்துவந்தது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்மில் மட்டும் காருக்குள் காற்றே கனத்துப் போவது போல ஒரு ரீங்காரம் மிஞ்சலாம். எனக்கு அது 2,700இல் நின்றது. அதாவது 135 ஹெர்ட்ஸ். இதற்குப் பக்கக்குழாய் வைத்தியம் உண்டு. பிரதான குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, மறுமுனை மூடப்பட்டிருக்கும். கிளைக்குள் போன ஒலியலை மூடியில் மோதித் திரும்பி வரும்போது, அரைச் சுற்று பிந்தியிருந்தால் வந்துகொண்டிருக்கும் அலையை அது அடித்துவிடும். அதற்குக் கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்.

நீளத்தைக் கணக்கிட, ஒலியின் வேகத்தை ஹெர்ட்ஸின் நான்கு மடங்கால் வகுங்கள். சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். சூடான புகையில் இன்னும் வேகம். 230 டிகிரி செல்சியஸில் சுமார் 450 மீட்டர். 450ஐ 540ஆல் வகுத்தால் 0.83. ஆக, 83 செ.மீ. கிளைக்குள் சூடு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், நேராக 83இல் வெட்டி வெல்டு வைத்துவிடாதீர்கள். முனையை இன்னொரு குழாய்க்குள் சொருகி, கிளாம்ப் போட்டு, நீட்டிச் சுருக்கும்படி செய்யுங்கள். ஓட்டிப் பார்த்து, இரண்டு செ.மீ. மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்த்து, ரீங்காரம் மறைகிற இடத்தில் வெல்டு. எனக்கு 79 செ.மீட்டரில் மறைந்தது. கிளையை முதன்மைக் குழாயின் விட்டத்திலேயே, எஞ்சினிலிருந்து வரும் இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வரும் பகுதியில் வையுங்கள். தண்ணீர் தேங்காதபடி மூடிய முனை சற்று மேல்நோக்கி இருக்கட்டும். டிஃபரன்ஷியல் விகிதத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஓட்டாத வேகத்துக்கு வைத்தியம் பார்த்ததாகிவிடும்.

இங்கிலாந்தில் வருடாந்திர எம்.ஓ.டி சோதனையில் சைலன்சர் சத்தமும் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றியதை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் என்றால் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ அனுமதி. இந்தக் காகித வேலையைச் 'செய்யலாம் செய்யலாம்' என்று ஒத்திப்போடாதீர்கள்.

படி 5: காற்று உள்ளே போகும் வழி, மற்ற சில்லறைகள்

திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். 3,000க்கு மேல் மிதித்தால் வரும் அந்தக் கர்ஜனை சைலன்சரிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாதி இதிலிருந்துதான். கம்பெனி ஏர்பாக்ஸையும், அதற்குக் காற்று கொண்டுவரும் மூக்குக் குழாயையும் எப்படியாவது பொருத்துங்கள். எஞ்சின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடிகளை அழகுக்கு என்று நினைத்துக் கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். இன்ஜெக்டரின் 'டகடக' அதற்குள் அடங்கும். பெட்ரோல் பம்ப் டேங்குக்கு வெளியே இருந்தால் ரப்பர் தொட்டிலில் தொங்க வேண்டும். பெட்ரோல் குழாய்கள் ரப்பர் வைத்த கிளிப்பில் போக வேண்டும். எலக்ட்ரிக் ஃபேன் இதழ் ஒன்று உடைந்திருந்தாலும் ரேடியேட்டர் முழுக்க நடுங்கும்.

படி 6: ஓட்டைகள்

ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. ஓட்டைப் பானைக்கு வெள்ளிப் பூண் போட்ட கதைதான் நான் ஒட்டிய இருபது கிலோ ஷீட்.

எஞ்சின் மாற்றும்போது ஃபயர்வாலில், அதாவது எஞ்சின் அறைக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், நாம் எத்தனை துளை போட்டோம் என்று நமக்கே நினைவிருக்காது. ஒயரிங் கொண்டுவர ஒரு துளையைப் பெரிதாக்கியிருப்போம். பழைய எஞ்சினின் கேபிள் போன துளை அப்படியே திறந்து கிடக்கும். கண்டுபிடிக்க இருட்டு வேண்டும். இரவில், எஞ்சின் அறைக்குள் பளிச்சென்ற எல்.இ.டி விளக்கு இரண்டை வைத்து, சூடு படாத இடமாகப் பார்த்து, பானெட்டை மெல்ல இறக்குங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தெருவிளக்கு வராதபடி கண்ணாடியைப் போர்வையால் மூடி, டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து ஐந்து நிமிடம் படுத்திருங்கள். கண் பழகப் பழக நட்சத்திரம் முளைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெரியும். எனக்கு ஏழு தெரிந்தன. கிளட்ச் பெடலுக்கு மேலே இருந்தது கட்டைவிரல் நுழையும் அளவு.

ஒயர் போகிற துளைக்குச் சரியான அளவு ரப்பர் குரோமெட். ஒயர் இல்லாத துளைக்கு இரும்புத் தகடு வெட்டி, சீலன்ட் தடவி, ரிவெட். டேப் ஒட்டுவது வேலைக்காகாது, சூட்டில் உரிந்துவிடும். கியர் லீவரின் கீழே இரண்டடுக்கு ரப்பர் உறை இருக்கும். கியர்பாக்ஸ் மாற்றியபோது உள் உறை கிழிந்திருக்கும் அல்லது மாட்டாமலேயே விட்டிருப்போம். தரையிலேயே பெரிய ஓட்டை அதுதான். பானெட்டின் பின் விளிம்பை ஒட்டி, காருக்குக் காற்று எடுக்கும் அறையைப் பிரிக்கும் நீள ரப்பர் ஒன்று போகும். அது போயிருந்தால் எஞ்சின் சத்தமும் சூடும் ஹீட்டர் வழியாக நேராக முகத்துக்கு வரும்.

படி 7: இப்போது ஷீட்

இனி ஒட்டலாம். ஆனால் முழுதாக வேண்டாம். பியூட்டைல் ஷீட் ஒலியைத் தடுப்பதில்லை. தகடு முரசு போல அதிர்வதைத்தான் அடக்குகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் வேண்டும், 'டப்' என்றால் வேண்டாம். தகட்டின் நடுவில் கால் பங்கு பரப்பை மூடினாலே பெரும்பலன் வந்துவிடும். ஒட்டுமுன் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஒட்டிய பின் சிறு உருளையால் அழுத்தித் தேயுங்கள். கதவுத் தகடு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பு ஆகிய மூன்றும் 'டங்' கோஷ்டியின் தலைவர்கள்.

காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனத்த வினைல் விரிப்பு, அதற்கு அடியில் தகட்டோடு அது ஒட்டாதிருக்க ஒரு மெல்லிய நுரை. ஃபயர்வாலின் உட்பக்கமும் கால் வைக்கும் இடமும் போதும். பெடல் முழுதாக இறங்குகிறதா என்று விரிப்பு போட்ட பிறகு கையால் அழுத்திப் பாருங்கள். பானெட்டின் அடியில் இருந்த பழைய நுரை பொடியாக உதிர்ந்திருக்கும். சூட்டுக்கும் தீக்கும் தாங்கும் புதியது போடுங்கள். கட்டிடத்துக்கு விற்கிற நுரையை அங்கே ஒட்டாதீர்கள்.

படி 8: டயர், பீடிங், கிலுகிலுப்பு

மாதக்கணக்கில் கராஜில் நின்ற காரின் டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு அதிர்வைத் தேடுவது வீண். சக்கர பேரிங் முனகினால், நெடிய வளைவில் திரும்பும்போது முனகல் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். கதவு ரப்பருக்கு ஒரு ரூபாய்த் தாளோ பவுண்டுத் தாளோ போதும். இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று சீறும்.

கடைசியாக, உங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய சத்தம் போனதும் இதுவரை ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வரும். கிளவ்பாக்ஸ் மூடி, சன்ரூஃப் தண்டவாளம், சீட் பெல்ட் கொக்கி, பார்சல் தட்டு. துணி டேப் ஒரு சுருள் வாங்கி வைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் காரில் அந்த இன்னொருவர் மனைவிதான். மூன்று நாளாக நான் சஸ்பென்ஷனில் தேடிக்கொண்டிருந்த ஒரு கிலுகிலுப்பை, அவர் பின்பக்க ஆஷ்ட்ரேயைத் திறந்து எடுத்துக் கையில் கொடுத்தார். பழைய பத்து பென்ஸ் நாணயம் ஒன்று.